சொல்லும் பொருளும்: 'எ பிட்'

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அயல்நாட்டிலிருந்து வந்திருந்த ஆங்கிலேயப் பொறியாளர், அன்பர் இயக்கும் இயந்திரத்தின் அருகே நின்று 'எ பிட் நாய்சி' என்றாராம். சிறிதே இரைச்சல் என்று இவர் மனநிறைவு கொண்டார். மறுநாள் அவ்வியந்திரம் நிறுத்தப்பட்டது. 'எ பிட்' என்பதற்குச் 'சிறிது' என்பதன்றி வேறு பொருளும் உண்டோ என வினவுகிறார்.

உண்டு. 'பிட்' என்பது, கடித்தலைக் குறிக்கும் ஆங்கில வினையோடு உடன்பிறந்த சொல். ஒரு கடியில் அகப்படும் துண்டு என்பதே அதன் பழம்பொருள். (நம் வீட்டுப் பிட்டுக்கும் அதற்கும் உறவில்லை.) ஆயினும் ஆங்கிலேயர் குறை கூறும்போதும் இடர் நேர்ந்தபோதும், 'மிக' என்று சொல்லவேண்டிய இடத்திலேயே பலகால் 'எ பிட்' என்பர். பதற்றம் காட்டாமை அவர்களுக்குப் பெருமை. கேட்பவர் உரிய அளவுக்குப் பெருக்கிக்கொள்வார் என்பது அவர்தம் நம்பிக்கை. நம் இலக்கண நூலார் கூறும் மங்கலமும் இடக்கரடக்கலும் இதற்கு அண்மையவே எனினும் இதுவாகா. அவை சொல்லத் தகாததை மறைப்பன. இது அளவை மறைப்பது.

பெருக்கத் தெரியாதவர் கேட்டால் என்னாகும்? 1951 ஏப்ரலில், கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படையணி ஒன்றைச் சீனப் படை பெருந்திரளாகத் தாக்கிற்று. குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு ஒரு குன்றின்மேல் முற்றுகைக்கு உள்ளாயிற்று. அணித்தலைவர் பிரிகேடியர் பிராடி, தமக்கு மேலிருந்த அமெரிக்கத் தளபதியிடம் நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்றார் என அப்போரைப் பற்றி எழுதியோர் குறிக்கின்றனர். 'ஸ்டிக்கி' என்பது பிசின்போல் ஒட்டுவது. இக்கட்டைக் குறிக்கும் பேச்சுவழக்கு. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கேட்டிருப்பின், அழிவு நெருங்கிற்று என்று உணர்ந்திருப்பார். அமெரிக்கரோ, தொல்லை உண்டு, தாங்கிக்கொள்வர் என்று கொண்டார். குளோஸ்டர் வீரருள் 500-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தப்பி மீண்டோர் மிகச் சிலரே. அத்தனைக்கும் ஒரு சொல்லே காரணம் என்று நாம் கூறோம். துணைப்படை அனுப்பிய முயற்சியும் தோற்றது. எனினும் அச்சொல் உதவவில்லை.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. 1982 ஜூன் 24 இரவு, ஜாவாத் தீவின் அருகே பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் எரிமலைச் சாம்பலால் நின்றுபோயின. விமானத் தலைவர் எரிக் மூடி பயணிகளிடம் 'ஒரு சிறு சிக்கல்' என்று தொடங்கினார். தொடங்கியவர், நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன என்பதையும் அடுத்த சொல்லிலேயே உரைத்தார். எஞ்சின்கள் மீண்டும் இயங்கி, விமானம் ஜகார்த்தாவில் இறங்கிற்று, அனைவரும் பிழைத்தனர். சொல் சிறிதாயினும் செய்தி முழுதாக இருந்தது.

நாம் குடியேறிய இவ்வூரிலும் இவ்வழக்குக்குக் குறைவில்லை. மூவர் அமரும் இருக்கைக்கு நான்காமவர் வந்து, 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்கிறார். விலகவேண்டிய இடம் ஓர் ஆள் அளவு. கேட்பது மட்டும் 'ஸ்வல்ப'! கன்னடத்தாரின் அச்சொல்லும் நம் 'சொற்பம்' என்பதும் ஒரே வடசொல்லினின்று பிறந்தவை. ஆகவே நம்மவர்க்குப் பொருள் எளிதில் விளங்கிவிடுகிறது, இடமும் கொடுத்துவிடுகிறோம்.

மருத்துவமனையில்தான் நமக்கு அச்சம். மூன்று இரவு உறங்காத பாட்டி, 'கொஞ்சம் வலி' என்பார். அவர் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது வீட்டார்க்குத் தெரியும். உடன்சென்ற பேரன் அதனை 'எ பிட்' என்று பெயர்த்துரைப்பான். மருத்துவர் அவ்வாறே எழுதிக்கொள்வார். எத்தனை நாளாக வலி, உறங்கினாரா, படியேற முடிகிறதா என்பனவற்றையும் சேர்த்துரைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அன்பரே, அப்பொறியாளர் மீண்டும் 'எ பிட்' என்றால், 'எவ்வளவு ஐயா? இப்போதே நிறுத்தவோ?' என்று கேட்பதில் இழுக்கொன்றுமில்லை. 'நாட் பேட்' பற்றி வினவிய மற்றோர் அன்பருக்கு அடுத்த இதழில் விடை கூறுவோம்.