குழாய் கொஞ்சம் அசையட்டும்



காலையில் எழுந்து குழாயைத் திறக்கிறீர்கள். 'புஸ்' என்று காற்று மட்டும் வருகிறது. உடனே மனம் என்ன செய்யும்? மாடித் தொட்டியில் எவ்வளவு, அண்டாவில் எவ்வளவு என்று கணக்குப் போடும். அரை நாள் தண்ணீர் வராவிட்டாலே வீடு வீடாக இருப்பதில்லை, இல்லையா?

ஜப்பானின் கோபே நகரத்தில் பல குடும்பங்கள் அந்தக் கணக்கை வாரக்கணக்கில் போட்டன. 1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணிக்கு வந்த நிலநடுக்கம் 6,400 பேருக்கும் மேல் பலி வாங்கியது. நகரத்தில் கிட்டத்தட்ட எல்லா வீடுகளிலும் தண்ணீர் நின்றது. நாகாதா வட்டாரம் தீப்பற்றி எரிந்தபோது, தீயணைப்பு வீரர்கள் திறந்த தெருக்குழாய்களில் தண்ணீர் இல்லை. முழு ஊருக்கும் திரும்ப வர சுமார் பத்து வாரம் ஆனது.

குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் போதும் என்பார்கள். சரி, கழிப்பறைக்கு? ஒரு தடவைக்கு ஒரு வாளி வேண்டும். லிஃப்ட் ஓடாத அடுக்குமாடியில் அதை யார் தூக்கிக்கொண்டு ஏறுவது? முழங்கால் வலிக்கிற பாட்டியா? கழிப்பறைக்குப் பயந்து வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், அதிலிருந்து வேறு நோய்கள் வரும் என்று அங்கே மருத்துவர்கள் இன்றும் எச்சரிக்கிறார்கள். எனக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம்.

இத்தனைக்கும் காரணம் என்ன? நிலம் இழுத்தபோது பல இடங்களில் குழாய் உடையவே இல்லை. இரண்டு குழாய்கள் சேரும் மூட்டுதான் கழன்றுபோனது. ஆனால் அதே கோபேயில், சில தெருக்களில் முன்பே போட்டிருந்த வேறு வகை மூட்டு அப்படியே தாங்கி நின்றது.

அதில் பெரிய மாயம் எதுவும் இல்லை. ஒரு குழாயின் நுனி அடுத்த குழாயின் வாய்க்குள் செருகி நிற்கும். உள்ளே சற்று இடம் விட்டிருப்பார்கள். 5 மீட்டர் குழாய் என்றால் 5 சென்டிமீட்டர் வரை வெளியே நகரலாம், உள்ளேயும் போகலாம், கொஞ்சம் வளையலாம். அதற்கு மேல் இழுத்தால் நுனியில் இருக்கும் முண்டு உள்ளே உள்ள வளையத்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் குழாய் பக்கத்துக் குழாயை இழுக்கும், அது அடுத்ததை. கழுத்துச் சங்கிலியைக் கீழே போட்டுப் பாருங்கள், எப்படி வளைந்தாலும் கண்ணி விடாது. அதே கதைதான்.

கோபே மூட்டுகளோடு நிற்கவில்லை. அதன் தண்ணீரில் முக்கால் பங்கு ஒசாகா பக்கம் ஓடும் யோதோ ஆற்றிலிருந்து வருகிறது. அதைக் கொண்டுவரும் பெரிய குழாய்கள் ரொக்கோ மலை வழியாகத்தான் வந்தன. அந்த வழி அடைபட்டால்? 1996-ல் நகரத்துக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி இன்னொரு வழி போடத் தொடங்கினார்கள். நீளம் சுமார் 12.8 கிலோமீட்டர், உள்விட்டம் 2.4 மீட்டர். ஆள் நிமிர்ந்து நடக்கலாம். முடிக்க ஏறக்குறைய 20 ஆண்டு ஆனது.

இதில் என் மனதைத் தொட்டது ஒன்று. பேரிடர் வந்தால் இந்தக் குழாயே தொட்டியாகிவிடும். நகரத்தின் 15 லட்சம் பேருக்கு, தலைக்கு 3 லிட்டர் வீதம், 12 நாளுக்குத் தண்ணீர் அதற்குள் இருக்கும்.

இவ்வளவு பணம் கொட்டி யாரும் பார்க்காத இடத்தில் புதைப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாலம் கட்டினால் கண்ணுக்குத் தெரியும், குழாய் தெரியாது. செலவும் கடைசியில் மக்கள் கட்டும் தண்ணீர்க் கட்டணத்தில்தான் வந்து சேரும். ஆனால் 2024 புத்தாண்டு நாளில் ஜப்பானின் நோதோ தீபகற்பம் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது, சுஸூ, வாஜிமா ஊர்களில் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லை. பத்திரமாக நின்ற வீடுகளில்கூட சமைக்க, துவைக்க, குளிக்க முடியவில்லை. அதைப் படித்த பிறகு, அப்படி ஒரு குழாய்க்காக என் பில்லில் கொஞ்சம் கூடினால் நான் முணுமுணுக்காமல் கட்டுவேன். நீங்கள்?

அன்புடன்,
ஆசிரியர்