நர்சுப் பெண்ணின் மூன்று கேள்விகள்

வண்ணார்பேட்டை இன்றைக்கு ஆஸ்பத்திரிகளின் பேட்டையாகிவிட்டது. சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி இக்கரைக்கு வந்தால் இருதயத்துக்கு ஒரு போர்டு, சிறுநீரகத்துக்கு ஒரு போர்டு, குழந்தைகளுக்கு ஒரு போர்டு. அம்பாசமுத்திரம், ஆலங்குளம், ராதாபுரம் பக்கத்து ஜனங்கள் நகையை அடகு வைத்த பணத்தை மடியில் முடிந்துகொண்டு இந்தப் படிகளில்தான் ஏறுகிறார்கள்.

சென்ற வாரம் இந்தப் பேட்டையில் ஒரு தோழரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மில் தொழிலாளி. அவர் மனைவி பீடி சுற்றுகிறவர். மூத்த மகள் பி.எஸ்ஸி. நர்சிங் நான்காம் வருஷம். அந்தப் பெண் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்:

"மாமா, நீங்க நாலு ஊர் போறவுக, நாலு பேப்பர் படிக்கிறவுக. ஒண்ணு சொல்லுங்க. படிப்பு முடிஞ்சதும் நான் எந்தப் பிரிவுக்குப் போகணும்? மேல படிச்சா சம்பளம் கூடுமா, கடன்தான் கூடுமா? இங்கயே இருக்கவா, வெளிநாடு போகவா?"

தாயார் தம் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார்: "ராத்திரி டூட்டின்னா எவன் அண்ணாச்சி கட்டுவான்?"

இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. மில் தொழிலாளி, கூலி விவசாயி, பீடித் தொழிலாளி வீடுகளிலிருந்து எத்தனையோ பெண்கள் இன்று நர்சுப் படிப்புக்குப் போகிறார்கள். ஆகவே இதற்கு நாம் பகிரங்கமாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதல் கேள்வி: எந்தப் பிரிவு?

அவளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் மேல் ஆசை. அமெரிக்காவில் நர்சுகளே மயக்க மருந்து கொடுக்கிறார்களாமே என்றும் கேட்டாள். ஆம், கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே அதற்கென்று தனிப்படிப்பு உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஒரு வருஷம் வேலை பார்த்தவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். நம் நாட்டில் மயக்க மருந்து டாக்டர் வேலை. இதற்கு ஓரளவு அருகில் வருவது 2017ல் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த இரண்டு வருஷப் படிப்பு. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்று அதற்குப் பெயர். பி.எஸ்ஸி. முடித்து, ஒரு வருஷமாவது வேலை பார்த்தவர்கள் சேரலாம்.

வேறு வழிகளும் உண்டு. இருதயம், பச்சிளங்குழந்தை, புற்றுநோய், ஆபரேஷன் தியேட்டர் முதலிய பிரிவுகளில் ஒரு வருஷ டிப்ளமா இருக்கிறது. எம்.எஸ்ஸி. என்றால் இரண்டு வருஷம். பெரும்பாலும் அது ஆசிரியர் உத்தியோகத்துக்கு வழி. நோயாளியின் படுக்கைப் பக்கத்திலேயே நின்று வேலை செய்ய விரும்புகிற பெண்ணுக்கு டிப்ளமாவே பொருத்தம். எதுவானாலும் முதல் ஒரு வருஷம் வார்டில் கை பழகட்டும். நாற்றங்காலில் தேறாத பயிர் வயலில் தேறாது.

அப்போது அந்தப் பெண் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். "ஐ.சி.யு.ல ஒரு நிமிஷம் கவனம் தப்பினா உயிர் போயிரும் மாமா. அதை நினைச்சாத்தான் பயம்."

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவளுடைய குறையினால் மட்டும் வந்த பயம் அல்ல. தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்சு, போதனா ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒரு நர்சு என்று கவுன்சில் கணக்கு வகுத்திருக்கிறது. பயிற்சிக்குப் போன இடத்தில் அவள் கண்டது என்ன? ராத்திரியில் ஒருத்தி நான்கு படுக்கைக்கு ஓடுகிறாள்!

மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஆள் பார்த்த மிஷினை இரண்டாக்கு, நாலாக்கு என்று முதலாளி வேலைப்பளுவை ஏற்றியபோது நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் மில்லில் இழை அறுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இங்கே அறுந்தால் ஒட்ட முடியுமா? அதுவும் யாருடைய உயிர்? வரப்பில் பாம்பு கடித்து வந்த கூலிக்காரனுடைய உயிர், பிரசவத்தில் ரத்தம் போய் வந்த நம் தங்கையுடைய உயிர். ஆகவே நர்சுகளின் எண்ணிக்கை நம்முடைய பிரச்சினையும் ஆகும். அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்து நர்சுகள் சங்கமாகச் சேர்ந்து பல வருஷம் போராடி 1999ல் இதைச் சட்டமாக்கினார்கள். 2004 முதல் அது அமலில் இருக்கிறது. அங்கே தீவிர சிகிச்சையில் ஒரு நர்சிடம் இரண்டு பேருக்கு மேல் ஒப்படைக்கக்கூடாது. முதலாளித்துவத்தின் தலைநகரான அமெரிக்காவிலேயே முடிந்தது, இங்கே முடியாதா?

இரண்டாவது கேள்வி: படித்தால் சம்பளம் கூடுமா?

மறைக்காமல் சொல்லுகிறோம். படிப்பு மட்டும் சம்பளத்தைக் கூட்டாது. 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டதன்பேரில் மத்திய சர்க்கார் ஒரு நிபுணர் கமிட்டி போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி, சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம் தரவேண்டும். 50 படுக்கைக்குக் குறைந்த சிறு ஆஸ்பத்திரியானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் கமிட்டி சொல்லிற்று. பத்து வருஷம் ஓடிவிட்டது. இவளுடைய சீனியர் அக்கா ஒருத்தி கையில் வாங்குவது பன்னிரண்டாயிரம்!

சர்க்கார் வேலை மட்டும் என்ன வாழ்ந்தது? 2015ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த நர்சுகளுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தது. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு காற்றில் போயிற்று. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் சம்பளம் 14,000 ஆயிற்று. கொரோனா காலத்தில் கைதட்டி வரவேற்ற நர்சுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ந் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2011ல் அங்கே தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் சங்கம் கண்டார்கள். வேலைநிறுத்தம், பட்டினி, பழிவாங்கல் எல்லாம் பார்த்தார்கள். 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைபயணம் புறப்படும் தருவாயில், 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய உத்தரவு வெளிவந்தது. அவர்கள் படித்த படிப்பும் இவள் படிக்கும் படிப்பும் ஒன்றுதான். வித்தியாசம் சங்கத்தில் இருக்கிறது.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நம் யோசனை இது: மேல்படிப்புக்காக மீட்டர் வட்டிக் கடன் வாங்காதே. வேலையில் சேரும்போது அசல் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்து வைக்காதே. இத்தனை வருஷம் இங்கேயே இருப்பேன் என்ற பாண்டில் கையெழுத்துப் போடாதே. பாண்டு முறை கூடாது என்று 2011லேயே நர்சிங் கவுன்சில் அறிவித்துவிட்டது. பி.எப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதல் நாளே கேள். கேட்பதற்குத் தனியாகப் போகாதே, நாலு பேரோடு போ.

மூன்றாவது கேள்வி: வெளிநாடு போகவா?

போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இங்கே பன்னிரண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டு, தியாகம் செய் என்று உபதேசம் பண்ணுவது முதலாளியின் பாஷை. நம் பாஷை அதுவல்ல. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டும். 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரத்திலிருந்து 46 இந்திய நர்சுகள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். அநேகமாக எல்லோரும் கேரளப் பெண்கள். குண்டு விழுகிற ஊரை விட்டு முதலிலேயே வராமல் இருந்தது ஏன்? சம்பள பாக்கி ஒரு பக்கம், ஊரில் வைத்துவிட்டுப் போன கடன் மறுபக்கம். 2015ல் கொச்சியில் ஒரு ஏஜெண்டு மேல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. சட்டப்படி 20,000 ரூபாய் அளவில் வாங்கவேண்டிய கட்டணத்துக்கு, குவைத்துக்குப் போகும் நர்சுகளிடம் 19 லட்சத்துக்கு மேல் கறந்தார் என்பது குற்றச்சாட்டு! அந்த வருஷமே, வளைகுடா முதலிய நாடுகளுக்கு நர்சுகளைச் சர்க்கார் நிறுவனங்கள் மூலமாக எடுக்கவேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. தமிழ்நாட்டுச் சர்க்காருக்குச் சென்னையில் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் உண்டு. போகிறவர்கள் அந்த வாசலைத் தட்டுங்கள். டீக்கடையில் பாஸ்போர்ட்டைக் கேட்கும் ஏஜெண்டை நம்பாதீர்கள்.

தாயாரின் கவலைக்கும் ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் வீட்டுக்காரர் இருபது வருஷமாக ராத்திரி ஷிப்டு போகிறார். அவரை நீங்கள் குறைவாக நினைத்ததுண்டா? ஊர் தூங்கும்போது உயிரைக் காக்கிறவள் தலை நிமிர்ந்து நடக்கவேண்டியவள். ராத்திரி டூட்டிக்குக் கேட்கவேண்டியது வேறு: வீடு வந்து சேர வண்டி உண்டா? உட்கார ஒரு அறை, பூட்டுகிற கதவு உண்டா? மறுநாள் ஓய்வு உண்டா? இவற்றைக் கேளுங்கள்.

இனி நம்முடைய கடமை. பாளையங்கோட்டையில் 1965ல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2019ல் ஹைகிரவுண்டில் பல்நோக்கு உயர் சிகிச்சைக் கட்டிடம் திறக்கப்பட்டது. கட்டிடம் வந்தது, மிஷின் வந்தது. மிஷினைக் கண்விழித்துப் பார்க்கிற பெண்ணுக்கு என்ன வந்தது? நாம் கேட்பது நான்கு:

1. கவுன்சில் வகுத்த எண்ணிக்கைப்படி நர்சுகளைச் சட்டப்படி நியமிக்கவேண்டும்.

2. தனியார் ஆஸ்பத்திரிகளில் நிபுணர் கமிட்டி சொன்ன சம்பளத்தைச் சர்க்கார் உத்தரவாக்கவேண்டும்.

3. தொகுப்பூதியம் ஒழிந்து நிரந்தர வேலை வேண்டும்.

4. விசேஷப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தனிப் பதவியும் தனிச் சம்பளமும் வேண்டும். அந்தப் பயிற்சியைச் சர்க்கார் செலவில் தரவேண்டும்.

தோழர்களே! நம் வீட்டுப் பெண்கள் வெள்ளை உடுப்பு உடுத்தியதால் நம் வர்க்கத்தை விட்டுப் போய்விடவில்லை. நாளைக்கு அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கோரிக்கை அட்டையோடு நின்றால், "இது படித்தவர்கள் விவகாரம்" என்று சைக்கிளை மிதித்துப் போய்விடாதீர்கள். இறங்கி நில்லுங்கள். உள்ளே கட்டிலில் கிடப்பது நம் ஆட்கள்.

அந்தப் பெண் கடைசியில் கேட்டாள்: "அப்போ ஐ.சி.யு.க்கே போகட்டுமா மாமா?"

போ தாயி. நன்றாகக் கற்றுக்கொள். சேர்ந்த மாதமே சங்கத்தில் பெயரைக் கொடு. சங்கம் இல்லையென்றால் நாலு பேரைச் சேர்த்து ஆரம்பி. நாங்கள் வருகிறோம்.