மிஞ்சினது எல்லாம் தேவையில்லாததோ?

பழைய கார் கழட்டிப் பூட்டிற ஆக்களிட்டை ஒரு பகிடி இருக்கு. பூட்டி முடிய நாலு சாமான் மிஞ்சோணுமாம், அப்பத்தான் அவன் மெக்கானிக்காம். கேட்டுச் சிரிக்கலாம். அதையே ஒரு கொள்கையா வைச்சிருக்கிற எங்கடை ஆக்களிலைதான் எனக்குக் கோவம்.

லண்டனிலை எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை 1962ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒண்டு வாங்கினவர். கார் எண்டு சொல்லேலாது. ஒரு கூடும் பதினாலு ஐஸ்கிறீம் பெட்டியும். கழட்டினவன் ஆரோ, ஒரு துண்டுக் கடதாசியிலை கூட ஒண்டும் எழுதி வைக்கேல்லை. ஊரிலை அவற்றை அப்பா மைனர் வைச்சிருந்தவராம், அந்த ஆசை. மகளின்ரை கலியாணத்துக்குப் பொம்பிளையை இந்தக் காரிலைதான் கொண்டுபோறது எண்டு முடிவு. எனக்கு ரெஸ்ரோரண்டிலை திங்கட்கிழமை லீவு. கையிலை வெங்காய மணம் போகமுந்தி அவற்றை கராஜிலை நிப்பன்.

கார் ஸ்ரார்ட் வந்திட்டுது. ஒரு பெட்டி மிச்சம்.

"உதுகள் தேவையில்லாததுகள் தம்பி, எறி. யாழ்ப்பாணத்திலை அரைவாசிச் சாமான் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓடினதுகள்தானே" எண்டார்.

இந்தக் கதையை நான் எத்தினை வீட்டிலை கேட்டிட்டன். நானும் அந்தக் காலத்திலை அங்கை இருந்தனான். 1990க்குப் பிறகு தடையிலை பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. காபரேற்றருக்கை கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலை ஓடினது உண்மை. ஆனா எங்கடை ஒழுங்கை முடக்கிலை இருந்த மெக்கானிக் எஞ்சின் கழட்டேக்கை சாக்கை விரிச்சு, கழட்டின ஒழுங்கிலை வரிசையா அடுக்குவார். பெடியள் ஆராவது காலாலை தட்டினா காது கிழியும். இல்லாத சாமானுக்குப் பதில் இன்னொண்டைக் கடைஞ்சு போட்டவை அவை. என்ன இல்லை எண்டு தெரிஞ்சுதான் ஓடினவை. கையிலை இருக்கிறதை என்னெண்டு தெரியாமல் எறியிற நீங்கள் அவையின்ரை பேரைச் சொல்லாதேங்கோ.

அதுவும் இந்த நாட்டிலை. 1948இலையிருந்து 1971 வரை 16 லட்சத்துக்கு மேலை செய்த கார் இது. பாட்ஸ் புத்தகம் இருக்கு, பிரிச்சுக் கீறின படம் இருக்கு, புதுச் சாமானும் வாங்கலாம். இல்லாதது பொறுமைதான்.

அண்ணை விட்ட முதல் பிழை, எல்லாத்தையும் கழுவிப் பளபளப்பாக்கினது. ஊத்தைதான் ஐயா சாட்சி! எந்தப் பக்கம் கிறீஸ், எந்தப் பக்கம் றோட்டு மண், பெயின்ற் எதிலை நிண்டிருக்கு எண்டு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். கழுவ முந்திப் படம் எடுங்கோ, பக்கத்திலை ஒரு அடிமட்டம் வைச்சு.

அடுத்தது மரை. கால் அங்குல போல்ட்டிலை யூஎன்எவ் எண்டால் அங்குலத்துக்கு 28 மரை, பழைய பிஎஸ்எவ் எண்டால் 26. மாறிப் போட்டால் ரெண்டு சுத்து வடிவாப் போகும், பிறகு இறுகும். "ஆ, இறுகீட்டுது" எண்டு ஸ்பனரைப் போட்டு இழுத்தா மரை போச்சு. தலையிலை மூண்டு வட்டம் சேந்து அடிச்சிருந்தா யூஎன்எவ். மரை அளக்கிற கேஜ் ஒண்டு என்ன பெரிய விலையே?

ஒண்டை நான் ஒத்துக்கொள்ளுறன். மிஞ்சின எல்லாமே அந்தக் காரின்ரை எண்டில்லை. லூக்காஸ் சாமானிலை மாதமும் வருசமும் அடிச்சிருக்கும். எங்கடை டைனமோவிலை 1967 எண்டு கிடந்தது. வேறை காரிலை இருந்து வந்தது. அப்பிடியே நாலைஞ்சு சாமானை நானே ஒதுக்கினன். அது என்னெண்டு தெரிஞ்சு ஒதுக்கினது.

இனி அந்தப் பெட்டியிலை கிடந்த குழாய். விரல் நீளமும் இல்லை. நம்பர் இல்லை, மரை இல்லை. சைலன்சர் பிடிக்கிற ஏதோ எண்டார் அண்ணை. ரெண்டு நுனியும் தட்டையாக் கடைஞ்சு, மினுங்கின வளையம் விழுந்திருந்தது. அப்ப ரெண்டு பக்கத்தாலையும் நெருக்குப் பட்டது. வெளிப்பக்கத்திலை ஒரு தேய்வும் இல்லை, அப்ப உரசினதில்லை. சைலன்சர் வேலைக்கு ஆரும் இவ்வளவு நுணுக்கமாக் கடையமாட்டினம்.

"அண்ணை, முன்சில்லு நட்டை எவ்வளவு இறுக்கினியள்?"

"வலது சில்லு சரி. இடது சில்லு முழுக்க இறுக்கச் சுத்தேல்லை. அதாலை கொஞ்சம் இளக்கி விட்டனான்."

எனக்கு வயிறு பத்தினது. மைனரின்ரை முன்சில்லிலை ரெண்டு பெயாரிங், நடுவிலை ஒரு இரும்புக் குழாய். நட்டை இறுக்கிற விசையை அந்தக் குழாய்தான் தாங்கும். அது இல்லாட்டி இறுக்க இறுக்க பெயாரிங்கே நசியும். இளக்கி விட்டால் சில்லு ஆடும். வலது சில்லைக் கழட்டிப் பாத்தம். அதுக்குள்ளை இதே குழாய் இருந்தது.

அதுக்கும் அவர் "ஓடிப் பாத்தனான், ஒண்டும் செய்யேல்லை" எண்டார். ஒழுங்கைக்குள்ளை இருபது மைல் வேகத்திலை ஓடிப் பாத்திருப்பார். இதைப் பாக்க வேறை ஆக்களும் இல்லை. 2018 மே 20 இலையிருந்து இங்கை நாப்பது வருசம் தாண்டின பெரும்பாலான வாகனங்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. "சோதினையே இல்லையாம்" எண்டு சந்தோசப்படுற ஆக்களுக்கு நான் கேக்கிறன், அப்ப உங்கடை காரை ஆர் சோதிக்கிறது? பின்சீற்றிலை சீலையோடை இருக்கப்போற பிள்ளையோ?

இதைத்தான் அவற்றை முகத்துக்கு நேரை கேட்டனான். ரெண்டு கிழமை கதைக்கேல்லை. மூண்டாம் கிழமை ராத்திரிப் பதினொண்டுக்கு, நான் சமையலறை கழுவிக்கொண்டு நிக்கேக்கை போன் வந்தது. "தம்பி, திங்கள் வாறியே? இடது சில்லைக் கழட்டி வைச்சிருக்கிறன், எல்லாத்துக்கும் லேபல் ஒட்டியிருக்கு."

குழாயைப் போட்டு, நட்டை முழுக்க இறுக்கி, ஸ்பிளிற் பின்னும் போட்டாச்சு. சில்லு இப்ப சுகமாச் சுத்துது.

இன்னும் ஒரு பித்தளை வளையம் மிச்சம். வெளியளவு முக்கால் அங்குலம், ஒரு பக்கத்திலை சின்ன வெட்டு. டைனமோவிலை இல்லை, காபரேற்றரிலையும் இல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.