எறும்பைக் கொல்வதா, வழியை அடைப்பதா?

மும்பையில் ஜூன் மாத மழை தொடங்கியதும் வீடுகளுக்குள் எறும்பு வரத் தொடங்கிவிடும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிக் கூடுகளை நனைக்கும்போது, அவை உலர்ந்த இடம் தேடிச் சுவரேறுகின்றன. பணிமாற்றம் காரணமாக 11 ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியேறினோம். அந்த ஆண்டின் முதல் மழையிலேயே சமையல் மேடை, சர்க்கரை டப்பா, குழந்தையின் பால் புட்டி என எங்கும் சிற்றெறும்புகள் ஊர்ந்தன.

அப்போது நான் செய்தது பெரும்பாலோர் செய்வதுதான். ரயில் நிலைய வாசலில் கூவி விற்றவரிடம் எறும்பு சாக்பீஸ் வாங்கினேன். சமையல் மேடையின் ஓரத்திலும் தரையிலும் கோடு இழுத்தேன். எறும்புகள் துடித்து விழுவதைக் கண்டு நிம்மதியும் அடைந்தேன். மூன்றாம் நாள் மாலை, ஒன்றரை வயது மகள் அந்தச் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, உதடெல்லாம் வெள்ளையாகத் தரையில் அமர்ந்திருந்தாள். முதலில் பார்த்தவர் என் தாயார். அவர் எழுப்பிய குரல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "அதில் என்ன மருந்து இருக்கிறது? அட்டை இருக்கிறதா?" என்பதுதான். அட்டை இல்லை. தயாரிப்பாளர் பெயர் இல்லை, மருந்தின் பெயர் இல்லை, தேதியும் இல்லை. என்னவென்று தெரியாத பொருளுக்கு என்ன மருத்துவம் செய்வது? குழந்தையை இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்து, மறுநாள் வீட்டிற்கு அனுப்பினார்கள். நல்லவேளையாக எந்தப் பாதிப்பும் இல்லை. கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்திருந்த அந்த இரவில் ஒன்றை எண்ணி வெட்கப்பட்டேன். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் இல்லாமல் ஒருவருக்குச் சேமிப்புக் கணக்குகூடத் திறந்து தராத நான், பெயரும் முகவரியும் இல்லாத ஒரு நஞ்சைச் சமையலறைக்குள் அனுமதித்திருக்கிறேன்.

அன்று முதல் என் கருத்து இதுதான்: வீட்டிற்குள் வரும் எறும்புக்கு முதல் விடை நஞ்சாக இருக்கக்கூடாது. அது வரும் வழியைக் கண்டறிந்து அடைப்பதே முதல் விடை. குழந்தைகளின் பாதுகாப்பு இதற்குப் போதிய காரணம். ஆயினும் அது மட்டுமே காரணமன்று. நஞ்சு பெரும்பாலும் பயன் தருவதில்லை என்பதும் உண்மை.

எறும்புகள் எவ்வாறு வருகின்றன என்று பாருங்கள். உணவு தேடி ஓரிரு எறும்புகள் முன்னதாக உலவுகின்றன. உணவைக் கண்டதும், திரும்பும் வழியில் ஒருவகை மணப்பொருளைத் தரையில் இட்டுச் செல்கின்றன. மற்றவை அந்தத் தடத்தைப் பின்பற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அதை வலுப்படுத்துகிறது. நாம் காணும் சாரை இவ்வாறுதான் உருவாகிறது. கூட்டிலுள்ள எறும்புகளில் ஒரு பகுதியே அவ்வப்போது வெளியே இரை தேடுகிறது. முட்டையிடும் இராணி நம் கண்ணில் படுவதே இல்லை. எனவே சாரையின்மீது தெளிக்கும் மருந்து வெளியே வந்த வேலைக்கார எறும்புகளை மட்டுமே கொல்லும். கூடு இழந்ததை விரைவில் ஈடுசெய்துவிடும்.

சில இனங்களில் நிலைமை இன்னும் மோசமாகும். ஃபாரோ எறும்பு எனப்படும், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் நிறச் சிற்றெறும்பின் கூட்டில் இராணிகள் பல உண்டு. மருந்து தெளித்து அந்தக் கூட்டைக் கலைத்தால், அது பல குழுக்களாகப் பிரிந்து வெவ்வேறு இடங்களில் புதிய கூடுகளை அமைத்துக்கொள்ளும். ஒரு கூட்டை அழிக்க முயன்றவர் வீட்டில் மூன்று கூடுகள் உருவாகிவிடக்கூடும். தெளிக்கத் தெளிக்க எறும்பு பெருகுகிறது என்று சிலர் சொல்வது வெறும் மனப்பிரமை அன்று.

வணிகவியல் படித்தவன் என்பதால் இதை நான் கணக்கியல் வழியில் பார்க்கிறேன். செலவுகளை முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று பிரிப்போம். ஆண்டுதோறும், மாதந்தோறும் திரும்பத் திரும்ப வருவது வருவாயினச் செலவு. ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்குப் பயன் தருவது முதலினச் செலவு. மருந்துப் புட்டி முன்னதைச் சேர்ந்தது. சுவர் விரிசலை அடைக்கும் வெள்ளைச் சிமெண்ட் பின்னதைச் சேர்ந்தது. மழைக்காலம் முழுவதும் மருந்து வாங்கும் குடும்பம், விரிசலை ஒருமுறை அடைக்கும் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

மகள் வீடு திரும்பிய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, எறும்புகளைக் கொல்லாமல் ஒரு மணி நேரம் அவற்றைப் பின்தொடர்ந்தேன். மூன்று வழிகள் தென்பட்டன. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஓர் இடைவெளி இருந்தது. சன்னல் சட்டத்திற்கும் சுவருக்கும் நடுவே ஒரு கீறல் இருந்தது. மூன்றாவது வழிதான் எனக்கு வியப்பளித்தது. பால்கனியில் இருந்த செம்பருத்திச் செடியில் மாவுப்பூச்சி பிடித்திருந்தது. அந்தப் பூச்சிகள் வெளியிடும் இனிப்பான கழிவுநீரை உண்ணவே எறும்புகள் தொட்டிக்கு வந்துகொண்டிருந்தன. அங்கிருந்து சமையலறை நான்கடி தூரம்தான்.

செடியைச் சோப்பு நீரால் கழுவினோம். இடைவெளியை வெள்ளைச் சிமெண்டாலும் சன்னல் கீறலைச் சிலிக்கான் பசையாலும் அடைத்தோம். சாரை சென்ற தடத்தைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தோம். மணத்தடம் அழிந்துவிட்டால் பின்னால் வரும் எறும்புக்கு வழி தெரியாது. சர்க்கரையும் வெல்லமும் இறுக மூடும் டப்பாக்களுக்கு மாறின. இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் விட்டுவைப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஒழுகிய குழாயையும் பழுது பார்த்தோம். எறும்புக்குத் தண்ணீரும் வேண்டும் அல்லவா? பத்து நாள்களில் சாரை நின்றுவிட்டது. இன்றும் மழைக்காலத்தில் ஓரிரு எறும்புகள் எட்டிப் பார்ப்பதுண்டு. துணியால் துடைப்பதோடு அது முடிந்துவிடுகிறது.

நம் பாட்டிமார்கள் இந்த முறையை அறிந்தே இருந்தார்கள். உணவு அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். வாசலில் அரிசிமாவுக் கோலமிட்டு, எறும்புக்கு உரியதை வீட்டிற்கு வெளியிலேயே வைத்தார்கள். எனினும் பழைய முறையை அப்படியே பின்பற்றுவோருக்கு ஓர் எச்சரிக்கை: அலமாரிக் காலடியில் தேங்கும் தெளிந்த நீர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஏற்ற இடம். வாரம் ஒருமுறையேனும் அந்தக் கிண்ணங்களைக் கவிழ்த்து, உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவிய பின்னரே மீண்டும் நீர் ஊற்ற வேண்டும்.

நஞ்சு ஒருபோதும் கூடாது என்று நான் சொல்லவில்லை. படுத்த படுக்கையாக உள்ள முதியவர் இருக்கும் வீட்டிலும், கொட்டும் செவ்வெறும்புகள் மொய்க்கும் இடத்திலும் அது தேவைப்படலாம். அப்போதும் தெளிக்கும் மருந்தைவிட, உணவோடு கலந்து வைக்கும் மருந்து மேலானது. எறும்புகளே அதைக் கூட்டிற்கு எடுத்துச் செல்வதால் அது இராணி வரை எட்டும். பயன் தெரியச் சில நாள்கள் ஆகும்; அதற்குள் பொறுமையிழந்து அருகில் ஸ்பிரே அடித்தால் எடுத்துச் செல்ல எறும்பே இராது. அதைக் குழந்தையின் கைக்கும் செல்லப் பிராணியின் வாய்க்கும் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி இத்தகைய மருந்துகள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அட்டையில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பதிவு எண், காலாவதி தேதி ஆகியவை இருக்கும். அதிலுள்ள சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதியின் நிறம் நச்சுத்தன்மையின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று அது குறைந்துகொண்டே வரும். அட்டையே இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பள்ளிச் சாக்பீஸைப் போன்றே தோன்றும் நஞ்சு வீட்டிற்குள் வேண்டவே வேண்டாம்.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், எல்லா வீடுகளிலும் மருந்து தெளிக்க ஆண்டு ஒப்பந்தம் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. குழாய்த் துளைகளையும் குப்பைத் தொட்டி அறையையும் முதலில் சரிசெய்வோம் என்று நான் சொன்னேன். "கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், எறும்பின் பின்னால் நடக்க எங்களுக்கு ஏது நேரம்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் மருந்து தெளிக்கும் நாளில் சமையலறையைக் காலி செய்து, பாத்திரங்களை மூடி, பின்னர் எல்லாவற்றையும் கழுவி அடுக்கவும் நேரம் வேண்டும். அது ஒவ்வொரு முறையும் வேண்டும். வழியை அடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கூட்டம் என் யோசனையை முழுமையாக ஏற்கவில்லை. எனினும் பொதுக் குழாய்ப் பாதைகளை அடைக்க ஒரு தொகையை ஒதுக்கியது. மருந்து ஒப்பந்தம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அந்த மாலை அவளுக்கு நினைவில்லை. பால்கனியில் எறும்புச் சாரையைக் கண்டால், அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடிப் பார்ப்பது அவளுடைய பழக்கமாகிவிட்டது. இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டிலும் எறும்பு வந்தால், மருந்துக் கடைக்குச் செல்வதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதன் பின்னால் சென்று பாருங்கள்.