ஊராட்சி வரைக்கும் ஃபைபர் வந்தாச்சு... நெட் ஏன் நின்னு நின்னு வருது? ரேக்கில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் இணையம். பாரத்நெட் இரண்டாம் கட்டத் திட்டத்தின் இலக்கு இதுதான். தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் இதைச் செயல்படுத்துகிறது. 2020-ல் டெண்டர் சர்ச்சை, ரத்து, மறு டெண்டர் என்று இழுத்து, 2022-ல்தான் பணிகள் தொடங்கின.

இப்போது பல ஊர்களில் மின்கம்பங்களோடு சேர்ந்து ஒரு கருப்பு கேபிள் ஓடுவதைப் பார்க்கலாம். அது ஊராட்சி அலுவலகத்துக்குள்ளேயோ, சேவை மையத்துக்குள்ளேயோ நுழைந்து ஒரு இரும்பு ரேக்கில் முடிகிறது. ரேக், யுபிஎஸ், ரவுட்டர் எல்லாம் அரசு உடைமை, சேதப்படுத்தினால் நடவடிக்கை என்று மாவட்ட ஆட்சியர்கள் அறிவிப்பும் வெளியிட்டார்கள். கேபிளுக்குள் செம்பு எதுவும் இல்லை, திருடினாலும் காசாகாது என்பதையும் அதில் சொல்லியிருந்தார்கள். நல்ல விஷயம்தான், அது தெரியாமல் வெட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு.

சரி, கேபிள் வந்துவிட்டது. ரேக் வந்துவிட்டது. ரவுட்டரில் விளக்கும் எரிகிறது. பிறகு ஏன் சில இடங்களில் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது? கரண்ட், யுபிஎஸ் பேட்டரி, எங்கேயோ அறுந்த கேபிள் என்று காரணங்கள் பல. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு இடம் உண்டு: அந்த ரேக்கில், ரவுட்டருக்கு மேலேயோ கீழேயோ, தட்டையாக இருக்கும் ஒரு பெட்டி.

அது என்ன பெட்டி?

வெளியிலிருந்து வரும் ஃபைபர் கேபிளை நேராக ரவுட்டரில் செருக முடியாது. அந்தக் கேபிள் வெயில், மழை, காற்றைத் தாங்கும்படி தடிமனாகச் செய்யப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் ஃபைபரோ 125 மைக்ரான் தடிமன் கொண்ட கண்ணாடி. பாதுகாப்புப் பூச்சோடு சேர்த்தால் 250 மைக்ரான். ஒளி ஓடுகிற நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் ஏழு, எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முரட்டு கேபிளையும் மென்மையான ரவுட்டர் வயரையும் சேர்த்துவைக்கும் இடம்தான் அந்தப் பெட்டி. உள்பக்கம், வெளி கேபிளின் ஒவ்வொரு ஃபைபரும் 'பிக்டெயில்' எனப்படும் குட்டை வயரோடு உருக்கி ஒட்டப்படுகிறது. இதற்குத்தான் ஸ்பிளைசிங் என்று பெயர். பிக்டெயிலின் மறுமுனை பெட்டியின் முன்பக்க போர்ட்டில் பின்னாலிருந்து செருகப்படும். அதே போர்ட்டின் முன்னாலிருந்து ரவுட்டருக்கு 'பேட்ச் கார்டு' போகும். அவ்ளோதான். தொலைத்தொடர்பு ஆட்கள் இதை எஃப்.டி.எம்.எஸ் என்பார்கள். சிலர் ஃபைபர் பேனல் என்பார்கள்.

உலகம் முழுக்க ரேக்கின் அகலம் 19 அங்குலம். உயரத்தை 'யு' கணக்கில் சொல்வார்கள். 1யு என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். 24 ஃபைபரை முடிக்க 1யு உயரப் பெட்டியே போதும். பார்ப்பதற்கு டிவிடி பிளேயர் மாதிரி சாதுவாக இருக்கும். கரண்ட் கிடையாது, விளக்கு கிடையாது, ஃபேன் கிடையாது. கெட்டுப்போனாலும் சத்தம் வராது என்பதால்தான் இதை யாரும் கவனிப்பதில்லை.

உள்ளே செய்கிற வேலை

முதலில் கேபிளைக் கட்ட வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். கேபிளுக்குள் இழுவிசையைத் தாங்குவதற்கென்றே ஒரு கம்பியோ நாரோ இருக்கும். அதைப் பெட்டியின் கிளாம்ப்பில் இறுக்கினால்தான், வெளியே யாராவது கேபிளை இழுத்தாலும் அந்த இழுப்பு கண்ணாடிக்குப் போகாது. அதை விட்டுவிட்டு மேலுறையை மட்டும் ஒரு பிளாஸ்டிக் டேக்கால் கட்டிவிட்டுப் போனால், நாளாக ஆக உறை நழுவும், ஃபைபர் இழுபடும். ஆறு மாதம் நன்றாக ஓடிய லைன் திடீரென்று மக்கர் பண்ணும்.

மண்ணுக்குள் வருகிற கேபிளில் எலி கடிக்காமல் இருக்க இரும்புப் பட்டை சுற்றியிருந்தால், அதைக் கட்டாயம் எர்த் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இடி, மின்னலின்போது அந்த இரும்பு வழியாகவே ரேக்குக்கு ஆபத்து வந்து சேரும். கம்பத்தில் வருகிற, உலோகமே இல்லாத கேபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது நீளம். ரேக்குக்குப் பின்னால் சில மீட்டர் கேபிள் வளையமாகச் சுற்றி வைக்கப்பட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் ட்ரேயிலும் ஒவ்வொரு ஃபைபரும் ஒரு மீட்டருக்கு மேல் உபரியாகச் சுற்றியிருக்க வேண்டும். ஏன்? ட்ரேயை வெளியே இழுத்தால் ஃபைபரும் கூடவே வர வேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறை ஸ்பிளைஸ் தப்பும்போதும் ஃபைபரை வெட்டி மறுபடி செய்ய வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் சில சென்டிமீட்டர் குறையும். உபரி இல்லாத ட்ரேயில் இரண்டு தடவை தப்பினால் கதை முடிந்தது. வெளி கேபிளையே மறுபடி உரிக்க வேண்டும்.

ஸ்பிளைசிங் செய்கிறவர் முதலில் ஒரு சிறிய பிளாஸ்டிக் ஸ்லீவை ஃபைபரில் நுழைத்துக்கொள்வார். பிறகு பூச்சை உரித்து, ஆல்கஹால் தொட்ட நார் உதிராத துணியால் துடைத்து, 'க்ளீவர்' கருவியில் வைத்து முனையைச் செங்குத்தாக வெட்டுவார். இரண்டு முனைகளையும் மெஷினில் வைத்தால், மின்பொறியில் கண்ணாடி உருகி ஒன்றாகும். சில நொடி வேலை. அதன்மேல் ஸ்லீவை நகர்த்திச் சூடாக்கினால் சுருங்கி இறுகும். ஸ்லீவை முதலிலேயே போட மறந்துவிட்டு, ஒட்டிய பிறகு தலையில் கை வைக்காத டெக்னீஷியனே இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

ஒட்டி முடித்ததும் மெஷின் திரையில் 0.02 டெசிபெல் என்று ஒரு எண் காட்டும். பலர் அதையே 'டெஸ்ட் ரிப்போர்ட்' ஆக எடுத்துக்கொள்கிறார்கள். அது மெஷின் கேமராவில் பார்த்துப் போட்ட மதிப்பீடுதான். உண்மையான அளவு தெரிய ஓடிடிஆர் கருவி வேண்டும். அதையும் லைனின் இரண்டு முனைகளிலிருந்தும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

ஒளியின் கணக்கு வழக்கு

ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை டெசிபெலில் சொல்கிறார்கள். 3 டெசிபெல் போனால் ஒளி பாதியாகிவிட்டது. 10 போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

ஒன்றியத்தில் இருந்து உங்க ஊர் 20 கி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கி.மீட்டருக்குச் சுமார் 0.35 வீதம் 7 டெசிபெல். வழியில் பத்து ஸ்பிளைஸ், தலா 0.1 என்றால் 1. நான்கு கனெக்டர், தலா அரை என்றால் 2. மொத்தம் 10. உபகரணங்கள் இதைத் தாங்கும், மிச்சமும் இருக்கும்.

இப்போது ஊராட்சி ரேக்கில் ஒரே ஒரு கனெக்டர் முனையில் தூசி. அல்லது கதவை மூட வசதியாக பேட்ச் கார்டை மடக்கிக் கட்டிவிட்டார்கள். அதில் மட்டும் 3 டெசிபெல், சில சமயம் அதற்கு மேலும் போகும். கி.மீட்டர் கணக்கில் சொன்னால், ஊர் இன்னும் 8 கி.மீ. தள்ளிப்போன மாதிரி! 20 கி.மீ. கம்பம் கம்பமாகக் கட்டி வந்த உழைப்பைக் கடைசி அரை மீட்டர் தின்றுவிடுகிறது.

சாதாரண ஒற்றை முறை ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழ் வளைக்கக் கூடாது என்பது பொது விதி. வளைவு அதிகமானால் ஒளி பக்கவாட்டில் கசியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1550 நானோமீட்டர் ஒளி 1310-ஐவிட வளைவில் அதிகம் கசியும். அதனால் ஓடிடிஆரில் இரண்டு அலைநீளத்திலும் பார்த்து, 1550-ல் மட்டும் இழப்பு கூடத் தெரிந்தால் அங்கே ஃபைபர் மடங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால் ஸ்பிளைஸையோ கனெக்டரையோ சந்தேகப்படலாம்.

இன்னொரு சிக்கல், நிறம். கனெக்டர்களில் பச்சை நிறமும் உண்டு, நீல நிறமும் உண்டு. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் சாய்வில்லாதது. ஒன்றுக்குள் ஒன்று சரியாக நுழையும், 'க்ளிக்' என்று பூட்டவும் செய்யும். ஆனால் உள்ளே கண்ணாடியும் கண்ணாடியும் முழுதாகத் தொடாது. இடையில் காற்று, அதில் ஒளி இழப்பு. அவசரத்துக்குக் கையில் கிடைத்த கார்டைச் செருகிய இடங்களில் இதுதான் நடக்கிறது.

பக்கத்து ஊருக்கு என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்தின் மதிப்பு 1,39,579 கோடி ரூபாய். ஊராட்சிகளை நேர்கோட்டில் இணைக்காமல் வளையமாக, அதாவது 'ரிங்' முறையில் இணைப்பதும், பத்து ஆண்டு பராமரிப்பும் அதில் சேர்க்கப்பட்டவை. ரிங் என்றால் ஒரு பக்கம் கேபிள் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக இணைப்பு வரும். புயலும் சாலை விரிவாக்கமும் ஓயாத நம்ம ஊருக்கு ரொம்பத் தேவையான ஏற்பாடு.

ஆனால் ரிங்கில் ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு கண்ணி. ஒரு கேபிள் உள்ளே வரும், இன்னொன்று அடுத்த ஊருக்குப் போகும். இரண்டும் ஒரே பெட்டியில் முடியலாம். அப்போது உங்க ஊர் ரேக்கில் தவறான ட்ரேயை இழுத்தால் பக்கத்து ஊரின் ரேஷன் கடையிலோ பள்ளியிலோ இணைப்பு போகலாம். ஒரு பக்கம் ஏற்கெனவே பழுதாகி யாருக்கும் தெரியாமல் இருந்தால், ரிங் இருந்தும் பயனில்லை.

இங்கேதான் லேபிள் வருகிறது. ஃபைபர்களுக்கு நிற வரிசை உண்டு: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று 12 நிறம். எந்தக் கேபிளின் எந்தக் குழாயின் எந்த நிறம் எந்த போர்ட்டில் முடிகிறது, அது எந்த ஊருக்குப் போகிறது என்று பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டவணை ஒட்டியிருக்க வேண்டும். அது இருந்தால் பழுது பார்க்க வருபவர் நேராக 7-வது போர்ட்டைத் தொடுவார். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார். ஒவ்வொரு பிடுங்கலும் புதுத் தூசி, புது ஆபத்து.

லேபிள் ஒட்ட ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஆனால் திட்டங்களின் முன்னேற்றத்தை எத்தனை கி.மீ. கேபிள் போட்டோம், எத்தனை ஊராட்சி 'சேவைக்குத் தயார்' என்றுதான் எண்ணுகிறோம். நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அந்தக் கணக்கில் ஏறிவிட்டன. தயார் என்பது திறப்பு விழா அன்றைய நிலை. முதல் பழுது வரும் நாளில் எத்தனை மணி நேரத்தில் சரியாகும் என்பது அந்தக் கணக்கில் வராது. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பெட்டி எப்படி முடிக்கப்பட்டது என்பதுதான்.

ஊராட்சி என்ன செய்யலாம்?

பெட்டியைத் திறப்பது நம் வேலை இல்லை. ஆனால் வேலை முடிந்தது என்று கையெழுத்து கேட்கும்போது சிலவற்றைக் கேட்க உரிமை உண்டு. ஓடிடிஆர் ரிப்போர்ட்டின் ஒரு நகலைக் கேளுங்கள். பிற்காலத்தில் லைன் கெட்டால், அன்றைக்கு எப்படி இருந்தது என்று ஒப்பிட அதுதான் ஆதாரம். கதவின் உள்பக்க அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். பயன்படாத போர்ட்டுகளுக்கு மூடி போட்டிருக்கிறதா, பேட்ச் கார்டுகள் இறுக்கி மடக்காமல் தாராளமாக வளைந்து போகிறதா, சுவரில் கேபிள் நுழையும் ஓட்டை அடைக்கப்பட்டிருக்கிறதா என்று வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த ஓட்டை வழியாகத்தான் எலி வரும். ரேக்கின் மேல் பழைய ரெஜிஸ்டர்களை அடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

வெட்டிப் போட்ட ஃபைபர் துண்டுகளை டெக்னீஷியன் மூடியுள்ள டப்பாவில் எடுத்துப் போகிறாரா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள் அது. தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். சேவை மையத்துக்குக் குழந்தைகளும் வருவார்கள். கழற்றிய கார்டின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து 'லைட் வருதா' என்று பார்ப்பது வேண்டவே வேண்டாம். அதில் ஓடும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுத்துவிடும். வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க பவர் மீட்டர் இருக்கிறது. அது டெக்னீஷியனின் பையில் இருக்க வேண்டிய கருவி.