கியர்பாக்ஸ் போனால் காரும் போக வேண்டுமா?

பத்து வருடம் ஓடிய ஒரு சின்ன பெட்ரோல் கார். ஒரு நாள் மூன்றாவது கியர் கரகரவென்று சத்தம் போட்டு விழ மறுக்கிறது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு சார், நாற்பதாயிரத்துக்குக் குறையாது" என்கிறார். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "வண்டியே ஒன்றரை லட்சத்துக்குத்தான் போகும். அதில் போய் நாற்பதாயிரம் போடுவதா?" என்று மாமா கேட்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பம் ஷோரூமில் உட்கார்ந்திருக்கிறது.

மாமாவின் கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் அது தவறான கேள்வி. காரின் விற்பனை விலை, காரை விற்கப் போகிறவருக்குத் தேவை. ஓட்டப் போகிறவருக்குத் தேவையான கணக்கு வேறு: அடுத்த இரண்டு வருடம் இந்தக் காரை ஓட்ட எவ்வளவு ஆகும், புதிய காரை ஓட்ட எவ்வளவு ஆகும்?

அதற்கு முன்னால் இன்னொரு விஷயம். "கியர்பாக்ஸ் போச்சு" என்பது நோயின் பெயர் இல்லை. வயிற்று வலி என்று சொல்வது போலத்தான் அதுவும். எஞ்சின் இரைகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை, ஏற்றத்தில் கருகல் வாடை வருகிறது என்றால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கலாம். எல்லா கியரும் கஷ்டப்பட்டு விழுந்தால் கிளட்ச் கேபிளையும் கியர் லிங்கேஜையும் முதலில் பார்க்க வேண்டும். அவை சின்னச் செலவு. நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங் மேல் சந்தேகம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியர் மட்டும் உரசினால் அந்த கியரின் சிங்க்ரோனைசர் வளையம் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். இதில் எது என்று தெரியாமல் சொல்லப்படும் தொகை வெறும் ஊகம். இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டி, என்னென்ன பாகம் மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்காமல் முடிவெடுக்கக் கூடாது.

சரி, உண்மையிலேயே நாற்பதாயிரம் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். பழைய காரில் டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அதற்கு வருடம் நாற்பதாயிரம். இரண்டு வருடத்தில் ரிப்பேரும் சேர்த்து 1,20,000. அதற்குள் காரின் விலை இன்னும் ஐம்பதாயிரம் இறங்கும். மொத்தம் 1,70,000 ரூபாய்.

புதிய கார் ஷோரூம் விலை 7 லட்சம், அதில் 6 லட்சம் கடன் என்று வைத்துக்கொண்டால், 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய். முதல் இரண்டு வருடத்தில் வட்டி மட்டுமே 90,000 ரூபாய் போய்விடும். காப்பீட்டில் பின்பற்றும் தேய்மான அட்டவணைப்படி இரண்டு வருடம் தாண்டிய காருக்கு 30 சதவீதம் கழிப்பார்கள், அது 2,10,000. ஆக 3 லட்சம். சாலை வரியும், கூடுதல் இன்சூரன்ஸ் பிரீமியமும் இதில் சேரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். அப்படியும் இந்த இடைவெளி மூடவில்லை. உதிரி பாகங்களுக்கும் வரி குறைந்திருக்கிறது என்பதை யாரும் ஷோரூமில் சொல்வதில்லை.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. 1,30,000 ரூபாய் என்பது பல வீடுகளில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். நாற்பதாயிரத்தைப் பார்த்து பயந்தவர்கள், அது மூன்றே கால் மாதத் தவணைதான் என்பதைக் கவனிப்பதில்லை. ரிப்பேர் பில் மொத்தமாக வருவதால் வலிக்கிறது. தவணை பிரிந்து வருவதால் வலிப்பதில்லை.

"பதினைந்து வருடம் ஆனால் எப்படியும் ஓட்ட விடமாட்டார்களே" என்றும் சிலர் சொல்வார்கள். அது டில்லிக் கதை. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, கட்டணம் கட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதற்காகப் பத்து வருடக் காரைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

அப்படியானால் எப்போதுமே ரிப்பேர்தானா? இல்லை. தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், எஞ்சின் ஆயில் குடித்து நீலப் புகை விட்டால், கியர்பாக்ஸைச் சரிசெய்வது வீண். காரின் மற்ற பாகங்கள் இன்னும் இரண்டு வருடம் தாங்குமா என்பதே அளவுகோல். பழைய ஆட்டோமேட்டிக்கும் தனிக் கதை. ஏஎம்டி என்றால் உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஆக்சுவேட்டர் இயக்குகிறது, பழுது அதில் மட்டும் இருக்கலாம். ஆனால் சிவிடி உள்ளே போய்விட்டால் தெருமுனை மெக்கானிக்கால் ஆகாது. முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். அங்கே கணக்கு தலைகீழாகலாம்.

பாதுகாப்பும் ஒரு நல்ல காரணம். கார்களில் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் ஏர்பேக் அதே வருடம் ஜூலையிலும்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய அடிப்படை மாடலில் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். குழந்தைகளோடு வாரா வாரம் நெடுஞ்சாலையில் போகிறவர் அதற்காகக் காரை மாற்றினால் அது சரியான முடிவு. ஆனால் அந்தக் காரணம் கியர்பாக்ஸ் போவதற்கு முன்பும் இருந்ததுதான்.

செகண்ட் ஹேண்டில் வேறு கார் வாங்கலாமே என்றால், அதை விற்பவர் ஏன் விற்கிறார் என்று யோசிக்க வேண்டும். அவருடைய மெக்கானிக்கும் போன வாரம் "கியர்பாக்ஸ் போச்சு" என்று சொல்லியிருக்கலாம். செலவைக் குறைக்க சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கியர்பாக்ஸ் கிடைக்கும். அதிலும் இதே ஆபத்து உண்டு. மாற்றித் தருவதாக உறுதி இல்லாமல் வாங்கக் கூடாது.

ரிப்பேர் என்று முடிவானால் ஒன்றை மறக்கக் கூடாது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியே பெரிய செலவு. இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். அப்போது மாமா சொல்லப் போவதும் தெரிந்ததுதான்: "நான் அன்றைக்கே சொன்னேன்!"