வில்லன் இல்லாத நாடகம்

ஆர்தர் மில்லரின் 'குரூஸிபிள்' நாடகத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால், இலக்கியம் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கிய நண்பர்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லுகிறார்கள். "அது மக்கார்த்தி காலத்து விவகாரம் ஐயா, அந்தக் காலத்தோடு தீர்ந்து போயிற்று" என்பது முதல் கட்சி. "அதில் மனிதர்களே கிடையாது; கருத்துகள்தான் வேஷம் கட்டிக்கொண்டு நடமாடுகின்றன" என்பது இரண்டாவது கட்சி. "என்னதான் சொல்லுங்கள், ஒரு வேலைக்காரப் பெண்ணின் கள்ளக் காதலால் ஒரு ஊர் அழிந்த கதைதானே!" என்று முடித்துவிடுவது மூன்றாவது கட்சி. மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆனாலும் ஒரே மனிதர் ஒரே மாலையில் மூன்றையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நாடகத்தை ஒதுக்கிவைக்க ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் கட்சியை எடுத்துக்கொள்வோம். நாடகம் 1953-ஆம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி நியூயார்க்கில் மார்ட்டின் பெக் அரங்கில் மேடையேறியது. அப்போது அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை உச்சத்தில் இருந்தது. அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் காங்கிரஸ் குழு, எழுத்தாளர்களையும் நடிகர்களையும் கூண்டில் ஏற்றி, "உன்னோடு கூட்டத்துக்கு வந்தவர்கள் யார் யார்? பெயரைச் சொல்" என்று கேட்டது. பெயர் சொன்னவன் பிழைத்தான்; சொல்லாதவன் வேலை இழந்தான். மில்லரின் நாடகங்களை மேடையேற்றிப் புகழ் பெற்ற டைரக்டர் எலியா கஸான் 1952 ஏப்ரலில் அங்கே போய்ப் பெயர்களைச் சொன்னார். இந்த வயிற்றெரிச்சலில்தான் மில்லர் ஸேலம் வழக்குகளைத் தேடிப் போனார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீக்குச்சியைக் கிழித்தது எது என்பது வேறு, எரிகிற பொருள் எது என்பது வேறு. மக்கார்த்தி 1957-லேயே செத்துப் போனார். மில்லரும் 2005-ல் போய்விட்டார். நாடகம் மட்டும் போகவில்லை. மக்கார்த்தி என்ற பெயரையே கேள்விப்படாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை நடிக்கிறார்கள், பார்க்கிறவர்களுக்கு வியர்க்கிறது. இது எப்படி?

அதற்கு ஸேலத்துக்குத்தான் போக வேண்டும். மாம்பழச் சேலம் அல்ல. அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸில் உள்ள ஸேலம். 1692-ல், ஒரு பாதிரியார் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு இழுப்பு வந்தது. வைத்தியம் பலிக்கவில்லை. சூனியம் என்றார்கள். அந்த ஒரு சொல்லிலிருந்து 150 பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவர், குற்றவாளியா இல்லையா என்று பதில் சொல்லவே மறுத்தார். நெஞ்சின் மேல் கல்லை ஏற்றி ஏற்றி அவரை நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்கள் தனி.

அந்த நீதிமன்றத்தின் இரண்டு விதிகளைக் கவனியுங்கள். முதலாவது, ஆவிச் சாட்சியம். "நேற்று இரவு இன்னாருடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒரு பெண் சொன்னால் அது சாட்சியம். "நான் இரவு முழுவதும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேனே!" என்றால், தூங்கியது உடம்பு, வந்தது ஆவி. இதற்கு எந்த வக்கீலால் பதில் சொல்ல முடியும்? இரண்டாவது விதி இன்னும் பயங்கரமானது. "ஆமாம், நான் பிசாசோடு சேர்ந்தவள்தான்" என்று ஒப்புக்கொண்டு, அந்த வாக்குமூலத்தில் நிலையாக நின்ற எவரையும் தூக்கிலிடவில்லை. "நான் குற்றம் செய்யவில்லை" என்று உண்மையைச் சொன்னவர்களைத்தான் தூக்கிலிட்டார்கள். பொய்க்கு உயிர் சன்மானம், உண்மைக்குக் கயிறு. ஒப்புக்கொண்டவள் தன்னோடு இருந்தவர்களின் பெயரையும் சொன்னால் இன்னும் நல்லது. பயம் ஒரு ஊருக்குள் பெருகுவதற்கு இதைவிடச் சௌகரியமான யந்திரத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அது 1692-க்கும் 1952-க்கும் பொதுவாக இருந்தது என்றால், எந்த வருஷத்துக்கும் பொதுவாக இருக்கக்கூடும் என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது கட்சிக்காரர்கள், "இதில் மனிதர்கள் இல்லை" என்கிறார்கள். அவர்கள் நாடகத்தை வாசித்தார்களா, அல்லது அதைப் பற்றி எழுதியதை வாசித்தார்களா என்பது என் சந்தேகம். பாதிரியார் பாரிஸைப் பாருங்கள். மகள் பேச்சு மூச்சின்றிப் படுத்திருக்கிறாள். அந்த மனிதருக்கு மகளைப் பற்றிக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மேல் இன்னொரு கவலை: இந்தச் செய்தி வெளியே போனால் என்னைப் பிடிக்காதவர்கள் என்ன சொல்வார்கள்? என் உத்தியோகம் நிலைக்குமா? சம்பளத்தோடு விறகுக்கு என்று ஆறு பவுன் பேசியது தனியா, சம்பளத்திலேயே அடக்கமா என்று சண்டை பிடிக்கிற மனிதர் அவர். இது கருத்தா? உத்தியோகஸ்தன் ஒருவனை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கிறது.

ஆன் புட்னம் என்ற அம்மாளைப் பாருங்கள். பெற்ற குழந்தைகளில் ஏழு பேரைப் பிறந்த கையோடு மண்ணில் புதைத்தவள். அதே ஊரில் ரெபேக்கா நர்ஸ் என்ற கிழவி பதினொரு பிள்ளைகளும் இருபத்தாறு பேரன் பேத்திகளுமாக நிறைந்து உட்கார்ந்திருக்கிறாள். 'எனக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்விக்குத் தேவாலயமும் வைத்தியனும் பதில் சொல்லவில்லை. சூனியம் என்ற சொல் பதில் சொல்லுகிறது. அந்தக் கிழவி கொலைகாரியாகிறாள். இங்கே பொய் சொல்வது பொறாமை மட்டும் அல்ல, ஆறாத துக்கம். அந்தத் தாயை என்னால் மன்னிக்க முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. வாசகனை இந்த நிலையில் நிறுத்துவது பிரசாரகனின் வேலை அல்ல.

மேரி வாரன் என்ற பெண், "நாங்கள் மயங்கி விழுந்ததெல்லாம் நடிப்பு" என்று உண்மையைச் சொல்லக் கோர்ட்டுக்கு வருகிறாள். "அப்படியானால் இப்போது மயங்கி விழு பார்க்கலாம்" என்கிறார்கள். அவளால் முடியவில்லை! கூட்டமும் பயமும் இருந்தால்தான் அந்த மயக்கம் வரும். சற்று நேரத்தில் மற்றப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, அவளே ஆவியாக வந்து பயமுறுத்துவதாக அலறுகிறார்கள். அவ்வளவுதான், தன்னை அழைத்து வந்த ஜான் பிராக்டரையே பிசாசின் ஆள் என்று கைகாட்டிவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறாள். நடிப்பு எங்கே முடிகிறது, நிஜப் பயம் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது. இந்த ஒரு காட்சியை எழுதியவனைப் பார்த்துப் பாத்திரப் படைப்புத் தெரியாது என்று சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ!

மூன்றாவது கட்சியில் மட்டும் ஒரு பிடி உண்மை இருக்கிறது. சரித்திரத்தில் அபிகெயில் வில்லியம்ஸுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதுதான். ஜான் பிராக்டர் அறுபதை எட்டியவர். மில்லர் அவளுக்கு வயதைக் கூட்டி, அவருக்கு வயதைக் குறைத்து, இருவருக்கும் நடுவில் ஒரு கள்ள உறவை வைத்தார். இது தப்பா? பிராக்டரைப் பொறுத்தவரை தப்பே இல்லை என்பேன். குற்றமற்ற மனிதன் அநியாயத்தை எதிர்ப்பதில் என்ன போராட்டம் இருக்கிறது? தன் வீட்டிலேயே தலை நிமிர முடியாதவன், ஊருக்கு நடுவில் நிமிர வேண்டியிருக்கிறதே, அதுதான் போராட்டம். பத்துக் கட்டளைகளையும் ஒப்பி என்கிறார்கள். ஒன்பதைச் சொல்கிறான், பத்தாவது வரவில்லை. மனைவி மெதுவாக எடுத்துக் கொடுக்கிறாள்: விபசாரம். மறந்தது அது ஒன்றைத்தான்! அப்புறம் கோர்ட்டில், மனைவியைக் காப்பாற்ற அந்தப் பாவத்தைத் தன் வாயாலேயே சொல்கிறான். பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று பெயர் எடுத்த எலிஸபெத்தை அழைத்துக் கேட்கிறார்கள். அவளோ புருஷனின் மானத்தைக் காப்பாற்ற, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொல்கிறாள். அந்த அன்பே அவனுக்கு யமனாகிறது. இந்த இடத்துக்கு ஈடாக இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் எத்தனை நாடகக் காட்சிகளைக் காட்ட முடியும்?

ஆனால் அபிகெயிலைப் பொறுத்தவரை மில்லர் அவசரப்பட்டுவிட்டார். தாய் தகப்பன் கண்ணெதிரே கொல்லப்பட்ட அநாதை. பிறர் வீட்டில் வேலைக்காரி. யாரும் காது கொடுத்துக் கேட்காத குரல் அவளுடையது. ஒரு நாள் அந்தக் குரலுக்கு நீதிபதிகள் எழுந்து நிற்கிறார்கள். அவளுக்கு இந்த ஒரு காரணம் போதாதா? இதை மில்லர் ஓரிரு வரியில் தொட்டுவிட்டு, கைவிடப்பட்ட காதலியின் பழிவாங்கலை முன்னால் தள்ளிவிட்டார். அதனால்தான், நிலத்தகராறும் பழம்பகையும் கொண்டு புகார் கொடுத்த பெரிய மனிதர்களை விட்டுவிட்டு, பார்க்கிறவர்கள் அந்தப் பெண்ணை மட்டும் சபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஸார்த்ர் இந்தக் கதைக்குப் பிரெஞ்சுத் திரைக்கதை எழுதியபோது எதிர்ப்பக்கம் சாய்ந்து, பணக்காரன் ஏழை சண்டையாகவே ஆக்கிவிட்டார். அதுவும் ஒரு குறுக்கு வழிதான்.

இப்போது நான்காவது கட்சிக்கு வருகிறேன். அந்தக் கட்சியில் இருப்பவர் ஒரே ஒருவர், ஆர்தர் மில்லர்தான்! 1957-ல் தம் நாடகத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், நீதிபதி டான்போர்த்தை இன்னும் தீயவனாகப் படைத்திருக்க வேண்டும் என்ற அபிப்பிராயத்தை அவர் வெளியிட்டார். உலகத்தில் தீமைக்கென்றே தம்மை ஒப்படைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை அப்போது தாம் உணரவில்லையாம். நாடகாசிரியரை மீறி நாடகத்துக்காக வாதாடுவது ஒரு வாசகனின் உரிமை. அந்த உரிமையில் சொல்லுகிறேன்: மில்லர் 1953-ல் செய்ததே சரி, 1957-ல் சொன்னது தவறு.

டான்போர்த் ஏன் பயங்கரமாக இருக்கிறார்? அவர் கெட்டவர் என்பதனால் அல்ல. கடைசி அங்கத்தில் அவருக்கே உள்ளூரச் சந்தேகம் தட்டிவிட்டது. அபிகெயில் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள். ஊரில் முணுமுணுப்பு எழுகிறது. ஆனாலும் தண்டனையை நிறுத்த மாட்டேன் என்கிறார். காரணம் என்ன? இதே குற்றத்துக்காகப் பன்னிரண்டு பேரை ஏற்கெனவே தூக்கிலிட்டாகிவிட்டது. இப்போது மன்னித்தால் அந்தப் பன்னிரண்டு பேருக்கு என்ன பதில்? தன் பழைய தவறு அம்பலமாகுமே என்ற பயத்தில், மேலும் மேலும் கொல்லுகிறார். இவரைக் கொம்பு முளைத்த அரக்கனாகக் காட்டியிருந்தால் நமக்கு எவ்வளவு நிம்மதி! 'அவன் அரக்கன், நான் மனிதன்' என்று எழுந்து வந்துவிடலாம். சரித்திரமும் என் பக்கம்தான் சாட்சி சொல்லுகிறது. அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஸாமுவேல் ஸீவால், 1697-ல் பாஸ்டன் தேவாலயத்தில் எல்லோர் எதிரிலும் எழுந்து நின்று, தம் மன்னிப்புக் கோரிக்கையை வாசிக்கச் செய்தார். தலைமை தாங்கிய வில்லியம் ஸ்டௌட்டன் கடைசி வரை வருந்தவில்லை. ஒரே பெஞ்சு, ஒரே தீர்ப்பு! கொல்லுவதற்கு அரக்கனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தவறு செய்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளப் பயந்தால் போதும்.

முடிவைப் பற்றியும் ஒரு ஏளனம் உண்டு. பிராக்டர் உயிர் மேல் ஆசை கொண்டு பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறான். அதைத் தேவாலயக் கதவில் ஒட்டுவார்கள் என்று அறிந்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறான். "இதெல்லாம் மேடையில்தான் நடக்கும்" என்கிறார்கள். சரித்திரத்துப் பிராக்டர் அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்தவர் அல்ல என்பது வாஸ்தவம். ஆனால் ஆண்டோவர் ஊரில் ஸாமுவேல் வார்ட்வெல் என்று ஒரு தச்சர் இருந்தார். சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டார். அப்படியே இருந்திருந்தால் பிழைத்திருப்பார். பிறகு, சொன்னது பொய் என்று மறுத்தார். 1692 செப்டம்பர் 22-ந் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். மில்லரும் 1956-ல் அதே காங்கிரஸ் குழுவின் முன் நின்றபோது, தம்மைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்கிறேன், மற்றவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று மறுத்து, அடுத்த வருஷம் தண்டனையும் பெற்றார். 1958-ல் அப்பீலில்தான் அது ரத்தாயிற்று. எழுதியது முதலில்; வாழ்ந்து காட்டியது அப்புறம்.

குரூஸிபிள் என்றால் மூசை. பொற்கொல்லன் பொன்னை உருக்கும் மண்கலம். அந்த மூசையில் பிராக்டர் பொன்னாக வந்தான் என்பதை எல்லோரும் மெச்சுகிறார்கள். என்னை உறுத்துவது அதில் கசடாக நின்றவர்கள்தான். நாடகத்தைப் பார்க்கிற நம்மில் எத்தனை பேர் பிராக்டர்? மாதச் சம்பளமும் பெண்ணின் கல்யாணமும் அக்கம்பக்கத்தாரின் வாயும் நினைவில் உள்ள நம்மில் பெரும்பாலோர் பாரிஸ். சிலர் மேரி வாரன். இந்த நாடகத்தை ஒதுக்கிவைக்கக் காரணம் தேடுவது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். ஸேலத்தில் தண்டிக்கப்பட்டவர்களில் கடைசியாக மிஞ்சிய ஒரு பெண்ணின் பெயரிலிருந்து குற்றத்தை நீக்க மாஸச்சூஸெட்ஸ் சட்டசபைக்கு 2022 வரை, 330 வருஷம் ஆயிற்று. காலாவதியாகிவிட்டது என்று சொல்லும் நண்பர்களை ஒன்று கேட்கிறேன்: உத்தியோகம் போய்விடுமே என்ற பாரிஸின் பயம் எந்த வருஷத்தோடு தீர்ந்தது? தேதியைச் சொன்னால் நானும் இந்தப் புஸ்தகத்தைப் பரணில் போட்டுவிடுகிறேன்.